சித்தப்பா வீட்டுத் தண்ணீர்

திருவனந்தபுரத்தில் மேடு பள்ளம் இல்லாத தெரு அபூர்வம். எங்கள் வீடு பள்ளத்திலும் சித்தப்பா வீடு மேட்டிலும் இருந்தன. இடையே ஆள் உயரத்தில் ஒரு பழைய கருங்கல் சுவர், மேட்டு மண் எங்கள் அடுக்களைக்குள் சரியாமல் தாங்கி நின்றது. சொத்துப் பாகம் பிரித்ததில் வந்த சண்டையில் அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எனக்கு எட்டு வயதானபோது அந்தச் சுவர் வயிறு தள்ளியது. வேறு வழியில்லாமல் இருவரும் சேர்ந்து செங்கோட்டையிலிருந்து ஒரு கொத்தனாரை வரவழைத்தார்கள். சேர்ந்து என்றால், அப்பா கீழே நின்று கொத்தனாரிடம் சொல்வார். சித்தப்பா மேலே நின்று கொத்தனாரிடமே பதில் சொல்வார். அந்த நல்ல மனிதர் இருவர் காதிலும் நன்றாக விழுந்ததையே சலிக்காமல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுண்ணாம்பில் கட்டிய பழைய சுவருக்கு சிமெண்ட் சேராது என்று, சரிந்த கல்லையெல்லாம் பிரித்துச் சுண்ணாம்புச் சாந்திலேயே திரும்ப அடுக்கினார். அடியில் ஐந்து ஓட்டைகள் விட்டார். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

"அவன் வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு இங்க வரப்பிடாது, கேட்டீரா?"

"மண்ணுல ஊறுற தண்ணி வடியலேன்னா சுவரு நிக்காது, முதலாளி."

அப்பா முணுமுணுத்தபடி உள்ளே போய்விட்டார். கொத்தனார் சொன்னது எனக்கும் கேட்டது. ஆனால் நான் அப்பா கட்சி. அன்று சாயங்காலம், கொத்தனார் வேலை முடித்து ஊருக்குப் போனதும், ஈரச் சாக்குக்கு அடியில் மிஞ்சியிருந்த சாந்தை எடுத்து ஐந்து ஓட்டைகளையும் அடைத்தேன். விரலெல்லாம் எரிந்தது. பெருமையில் அதைக்கூட யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஐப்பசி மாதத் துலா மழை பிடித்தது. ஓட்டை ஒன்றிலும் தண்ணீர் வரவில்லை; கல் இடுக்கெல்லாம் சேறு கசிந்தது, ஒரு கல் லேசாக முன்னால் நகர்ந்தது. அப்பா கத்தி, அடுக்களையில் இருந்த அம்மாவை வாசலுக்கு விரட்டினார். அதற்குள் சித்தப்பா கடப்பாரையோடு எங்கள் பக்கம் குதித்திருந்தார். முட்டி போட்டு முதல் ஓட்டையைக் குத்தினார். சுண்ணாம்பு நிதானமாக இறுகும் சரக்கு, அதனால் பிழைத்தோம். செம்மண் தண்ணீர் பீறிட்டு அவர் மார்பை நனைத்தது. அப்பாவும் ஒரு கம்பியோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடைசி ஓட்டையிலிருந்து விழுந்த சாந்துக் கட்டியில் சின்ன விரல்களின் பதிவு இருந்தது. இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை முட்டியது.

"நீங்கதானேப்பா ஒரு சொட்டு வரப்பிடாதுன்னீங்க!"

அப்பா தோளில் கிடந்த துண்டைப் பிழிந்து தன் தம்பியிடம் நீட்டினார்.

"தலையைத் தொடைடா."

மழை விட்டதும் அம்மா வந்து, புது ஓட்டை அதற்குள் எப்படி அடைத்துக்கொண்டது என்று கேட்டாள். அப்பா தலை குனிந்தே இருந்தார். சித்தப்பா முந்திக்கொண்டார்.

"சாந்து ஒழுகி அடைச்சிட்டு, மதினி."

சித்தப்பா என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்து அவர் காலைக் கட்டிக்கொண்டேன். அவர் காப்பாற்றியது தன் அண்ணனை என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.