காயாத தரை

டைல்ஸ் பதிக்கிற அவரை வேலை இடத்தில் எல்லோரும், தரை சமமா என்று பார்க்கிற கருவியின் பெயரால் ‘ரசமட்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நூல் ஏற்ற இறக்கம் இருந்தாலும் பதித்ததைப் பெயர்த்துவிட்டு மறுபடி பதிப்பார். முடித்த அறையின் வாசலில் குறுக்கே கயிறு கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். அதைத் தாண்டி வீட்டுக்காரரே கால் வைத்தாலும் தொலைந்தார். "சிமெண்ட் இன்னும் காயல. இன்னிக்கு மிதிச்சீங்கன்னா நாளைக்கு ஆடும் சார்!" என்று கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும்.

அப்பேர்ப்பட்டவருக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாலே இடுப்பில் சுரீர் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார், முடியவில்லை. தொடை எலும்பின் உருண்டைத் தலையில் ஒரு மேடு வளர்ந்து, மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கிறது என்றார் டாக்டர். சின்னத் துளைகள் வழியாக மேட்டைச் செதுக்கி, கிழிந்திருந்த விளிம்பைத் தைத்து அனுப்பினார்கள். "வலி போயிடும். ஆனா நான் சொல்றவரைக்கும் தரையில உட்காரக் கூடாது."

வலி போய்விட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. வலி இல்லாத மனிதனை நாற்காலியில் உட்காரவைத்தால் என்னதான் செய்வான்? டிவியைப் போட்டார், அணைத்தார். போனை எடுத்தார், வைத்தார். இனிமேல் உட்கார்ந்து வேலை செய்ய முடியுமா முடியாதா என்ற ஒரே கேள்வி மண்டையைக் குடைந்தது. ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்த உடற்பயிற்சிகளைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டு, ஊன்றுகோலோடு வீட்டை அளந்துகொண்டிருந்தார். அப்போதுதான் அடுப்படியில் கோல் பட்டு ஒரு டைல்ஸ் ‘டொப்’ என்றது. அடியில் சிமெண்ட் இல்லாமல் காலி. அதுவும் அவரே பதித்தது!

மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து அதைப் பெயர்க்க உளியோடு குத்துக்காலிட்டார். வலியே இல்லை. சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தார். எழுந்தபோதுதான் இடுப்புக்குள் ஏதோ பிடுங்கியது. மனைவி கதவைத் திறந்தபோது, பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "தையல் தப்பிச்சுது. இன்னொரு தடவை இப்படிப் பண்ணினா நான் பொறுப்பில்ல" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவி அவருடைய சாமான் பையை உதறி, அந்தக் கயிற்றை எடுத்து, அடுப்படி வாசலில் குறுக்கே கட்டினாள்.

"என்னம்மா இது?"

"உங்க இடுப்பு இன்னும் காயலங்க. இன்னிக்கு மிதிச்சீங்கன்னா நாளைக்கு ஆடும்." முடிச்சை இழுத்து இறுக்கினாள். "அப்புறம் ஆயுசுக்கும் இந்த நாற்காலிதான். அதப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது."

அவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சின்னப்பிள்ளை விளையாட்டைத் தொடங்கினார். கண்ணைத் துடைத்தபடி கயிற்றைத் தாண்டி அவள் அடுப்புப் பக்கம் போனாள். காலடியில் ‘டொப்’ என்றது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே பயிற்சிக்குக் காலைத் தூக்கினார்.