கிரிக்கெட்டுக்கு வைத்த வரவேற்பு பேனர்

நான் வாங்கிய வீடியோ கேம் பொட்டி நொடித்துக்கொண்டிருக்கிறது என்பது உலகத்துக்கே தெரிந்த பிறகும் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. தெரியாமல் இருந்தது என்பது எனக்கு நானே காட்டும் சலுகை. தெரிந்துகொள்ள மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் சரி.

வில்லியனூர் மாடவீதிக்குப் பக்கத்தில் எனக்கு பைப்பும் மோட்டாரும் விற்கிற கடை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு மாடி அறையில் மூன்று பேர் கூடுவோம். ஒருவன் நான். இன்னொருவன் என்னோடு பள்ளியில் படித்தவன், திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன். மூன்றாவது ஆள் ஏம்பலத்தில் நெல்லும் கரும்பும் போடுகிறவன். என்னிடம் மோட்டார் வாங்க வந்தான், பிறகு அந்த மோட்டாருக்காகச் சண்டை போட வந்தான், அப்படியே நண்பனாகிவிட்டான். மூவருக்கும் நாற்பது நெருங்குகிறது. டீ கொண்டு வந்து வைக்கும்போது என் மனைவி, "பசங்க கேட்டா இன்னாங்க சொல்றது? அப்பா மீட்டிங்ல கீறாருன்னா?" என்பாள். எங்கள் கையில் கன்ட்ரோலர் இருக்கும்.

தொழிற்சாலைக்காரன் வீட்டில் இருப்பது எல்லோரும் வாங்குகிற பொட்டி. என்னுடையது அதற்குப் போட்டியாக வந்த மற்றது. பொட்டியை விற்கிற கம்பெனியே எல்லா விளையாட்டையும் செய்துவிடாது. விளையாட்டு வெளியிடுவதற்கென்றே தனிக் கம்பெனிகள் உண்டு. அவர்கள் ஒரு பொட்டியைக் கைவிட்டால், அது டிவிக்குக் கீழே பூனை படுக்க வசதியான, லேசாகச் சூடாகும் சாமான். எங்கள் வீட்டுப் பூனைக்கு இது எனக்கு முன்பே புரிந்திருந்தது.

"இப்ப உன் பொட்டிக்கு யாரு மச்சான் கேம் போடறாங்க?" என்று தொழிற்சாலைக்காரன் ஆரம்பிப்பான்.

"தரமானவங்க மட்டும் போடறாங்க."

"அதாவது யாரும் போடல."

"பெரிய கம்பெனிக்காரங்கல்லாம் உள்ளுக்குள்ள பேசிக்கினு கீறாங்கடா. நேரம் வரும்போது வெளிய வரும்."

"யாருகிட்ட பேசறாங்க? உன்கிட்டயா? பைப்பு வாங்க வந்தாங்களா?"

இப்படி நாலு மணி வரை போகும். அவன் பேச்சு எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பிடிக்கவும் செய்யும். ஒருநாள் சொன்னான்: "ஆலை கட்டி, சங்கு ஊதி, வாசல்ல மாலையும் போட்டுட்ட. கரும்பு வண்டி வரலன்னா உள்ள இன்னாத்தடா புழிவ? சட்டையா?" அழகாகச் சொல்லிவிட்டானே என்று தோற்கும்போதே ரசித்தேன். கடையின் பில் புத்தகத்துக்குப் பின்பக்கம் இந்த மாதிரிப் பேச்சுகளை எழுதிவைப்பது என் பழக்கம். அதையும் எழுதினேன்.

ஏம்பலத்தான் அன்று சிரிக்கவில்லை. கரும்பு அவன் சங்கதி. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"ஒரு வருஷம் எனக்கு அப்பிடித்தான் ஆச்சு. ஆலை ஓடாதுன்னு யாரும் சொல்லல. வெட்டுறதுக்கு ஆர்டர் வரும் வரும்னு காத்துக்கினு இருந்தேன். கரும்பு நின்னபடியே காஞ்சிபோச்சு. நட்டம்கூட பரவால்லடா. உள்ள இருக்கறவன் எவனுக்காச்சும் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். ஒரு வார்த்த சொல்லல பாத்தியா. அதான்."

பிறகு நான்தான் விளையாட்டை மறுபடி ஓடவிட்டேன். தோற்கப்போகும் ஆட்டம் என்றாலும் அவன் முகத்தைப் பார்ப்பதைவிட அது சுலபம்.

இந்தப் பேச்சு நடந்த வருஷமே ஏம்பலத்தானும் ஒரு பொட்டி வாங்க முடிவு செய்திருந்தான். அவனுக்கும் எட்டாவது படிக்கும் அவன் மகளுக்கும் கிரிக்கெட் போதும், வேறெதுவும் வேண்டாம். "வூட்டுல ஒருதரம்தான் சரின்னுவாங்க. ரெண்டாந்தரம் கேட்டா சோறு கிடைக்காது. எத வாங்கட்டும்னு நீயே சொல்லு. மோட்டாரு விசயத்துல உன் பேச்சத்தான கேட்டேன்" என்றான். அந்த மோட்டார் மூன்று மாதத்தில் புகைந்ததை அவன் மறந்துவிட்டான். நானும் நினைவுபடுத்தவில்லை.

அப்போதுதான் புதிய கிரிக்கெட் விளையாட்டு ஒன்றுக்கு விளம்பர வீடியோ வந்தது. கடைசியில் எந்தெந்தப் பொட்டிக்கு வருகிறது என்று சின்னச் சின்ன அடையாளங்கள் காட்டினார்கள். தொழிற்சாலைக்காரன் பொட்டி இருந்தது. கம்ப்யூட்டர் இருந்தது. ஓரத்தில் ஏதோ மங்கலாக இருந்தது. படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, அது எங்கள் பொட்டியின் அடையாளம்தான் என்று கண்டுபிடித்தேன். முகம் தெரியாத யாரோ ஒருவர் கீழே "உறுதி" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பி ஏம்பலத்தானிடம், "கண்ண மூடிக்கினு என் பொட்டிய வாங்கு" என்றேன்.

அதோடு நின்றிருக்கலாம். எங்கள் பக்கம் காது குத்தினால் பேனர், புது டிராக்டர் வந்தால் பேனர், வெளிநாட்டிலிருந்து மாமா திரும்பினால் பேனர். கிரிக்கெட் வருகிறது, பேனர் வைக்காமல் இருந்தால் எப்படி? அச்சடிக்கும் கடையில் இருந்த பையன் கேட்டான், "யாருண்ணா வர்றாரு?"

"கிரிக்கெட்டுப்பா."

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஏற்கெனவே மஞ்சள் நீராட்டு விழாவுக்குச் செய்து வைத்திருந்த மாதிரியில் எங்களைப் பொருத்திவிட்டான். இரண்டு பக்கமும் மயில். நடுவில் கைகூப்பி நான். இடப்பக்கம் ஏம்பலத்தான், வலப்பக்கம் அனுமதி கேட்காமலே தொழிற்சாலைக்காரன். "எங்கள் இல்லம் தேடி வரும் கிரிக்கெட்டே வருக வருக. இவண்: ஞாயிறு மதிய நண்பர்கள்." கடைக்கு முன்னால் கட்டினேன். பைப் வாங்க வந்த ஒருவர் வெகுநேரம் படித்துப் பார்த்துவிட்டு, "பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டார்.

தொழிற்சாலைக்காரன் வந்து பார்த்தான். தன் படத்தின் கீழே சுண்ணாம்புக் கட்டியால் 'சம்பந்தமில்லை' என்று எழுதிவிட்டுப் போனான்.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அவனிடமிருந்து செய்தி வந்தது. விளையாட்டுக் கம்பெனியே வெளியிட்டிருந்த அறிக்கை. எங்கள் பொட்டிக்குக் கிரிக்கெட் போடும் எண்ணம் இல்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அறிக்கைக்குக் கீழே கைகூப்பும் எமோஜி ஒன்றை மட்டும் வைத்திருந்தான். பேனரில் இருந்த என் கைகளேதான் அவை என்று எனக்குப் பட்டது.

அன்று மதியம் ஏம்பலத்தான் என் கடைக்கு வந்துவிட்டு, புதுச்சேரி டவுனுக்குப் போய்ப் பொட்டி வாங்குவதாக ஏற்பாடு. கரும்பு வெட்டு நடக்கும்போது போனை மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டுப் போகிறவன் அவன். செய்தி அவனை எட்டியிருக்காது.

காலையிலிருந்து மதியம் வரை நான் எனக்குள் பேசிக்கொண்ட பேச்சை யாரும் கேட்காதது நல்லது. கம்பெனி மனசு மாறலாமே. அவன் வாங்கிவிட்டால் நம் கட்சியில் இரண்டு பேர் ஆகிவிடுமே. பொட்டியைப் பார்த்தால் அவன் மகளுக்கு வேறு விளையாட்டும் பிடிக்கலாமே. சொல்லாமல் இருப்பது பொய் சொல்வதில்லையே. கடைசியாக வந்த இந்த நியாயம் ரொம்ப வழவழப்பாக இருந்தது. அதை எடுத்துப் பார்த்தபோதுதான் அவன் டம்ளரைக் கீழே வைத்தது ஞாபகம் வந்தது. ஒரு வார்த்த சொல்லல பாத்தியா. ஆலைக்குள் இருந்து வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஆள் எப்படி இருந்திருப்பான் என்று எனக்கு அதுவரை தெரியாது. என்னை மாதிரி, பில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எதையும் எழுதாமல் இருந்திருப்பான்.

ரயில்வே கேட் மூடியிருந்ததால் ஏம்பலத்தான் அரைமணி நேரம் தாமதமாக வந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பைக் டெலிவரி எடுக்கப் போகிறவன் மாதிரி. மகளுக்கு அனுப்ப வேண்டும் என்று பேனருக்குக் கீழே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டான். எடுத்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அதுவும் கோழைத்தனம்தான்.

"மச்சான், என் பொட்டிய வாங்காத."

"ஏன்டா?"

"கிரிக்கெட்டு வரல. காலையிலேயே தெரியும்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அண்ணாந்து பேனரைப் பார்த்தான். மயில்களைப் பார்த்தான். கூப்பிய என் கைகளை ரொம்ப நேரம் பார்த்தான்.

"இன்னும் வாங்கலயே. வாங்கறதுக்கு முன்னாடி சொல்லிட்ட. வுடு" என்றான். அப்புறம் பேனரின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். "நல்ல கெட்டியாத்தான் அடிச்சிக் குடுத்திருக்கான். இத அவுத்துக் குடு. வூட்டுல வைக்கப்போரு மேல போட ஆவும்."

நானே ஏணி போட்டு அவிழ்த்துக் கொடுத்தேன். சுருட்டி பைக்கின் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய், தொழிற்சாலைக்காரன் வைத்திருக்கும் பொட்டியையே வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான்.

இப்போது ஞாயிறு மதியம் கூடுவது ஏம்பலத்தில். பஸ்ஸில் போகிறேன். அவன் வீட்டுக்குக் கொஞ்சம் முன்பே சாலையிலிருந்து வைக்கோல் போர் தெரியும். அதன் மேல் மல்லாந்து கைகூப்பியபடி நான். முகத்தில் காக்கை உட்கார்ந்திருக்கும். பக்கத்துச் சீட்டுக்காரர்கள் யாராவது அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று அந்த இடத்தில் மட்டும் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வேன்.

உள்ளே போனால் தொழிற்சாலைக்காரன், ஆஸ்பத்திரியில் இருக்கும் சொந்தக்காரரைப் பற்றிக் கேட்கிற குரலில், "உன் பொட்டி எப்பிடிடா கீது?" என்பான். "பரவால்ல, சாப்புடுது" என்பேன். ஏம்பலத்தானின் மகள் பந்து போடுவாள். மூன்றாவது பந்தில் நான் அவுட்.

போன மாதம் விடாமல் மழை பெய்தது. அடுத்த ஞாயிறு நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஏம்பலத்தான் போருக்குப் பக்கத்தில் நின்று, பேனரைத் தூக்கி அடியில் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு பிடி வைக்கோலை உருவி நீட்டினான்.

"தொட்டுப் பாரு மச்சான். ஒரு சொட்டு எறங்கல."