மூன்று தரம் கூவிய பெயர்

1937ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், கொல்லிமலையின் அடிவாரத்திலுள்ள மலையடிப்பேட்டையில் தண்டோரா போடப்பட்டது. மலையிலிருந்து இறங்கும் சரக்கு எதுவாயினும் இனிமேல் பஞ்சாயத்து போர்டின் சந்தையில்தான் விற்க வேண்டும்; தலைச்சுமை ஒவ்வொன்றுக்கும் சுங்கம் கட்ட வேண்டும்; விலை பகிரங்க ஏலத்தில் முடிவாக வேண்டும்; கடைகளில் வைத்து வாங்குவது குற்றம். போர்டு பிரசிடெண்டு மாணிக்கத்தின் உத்தரவு அது.

மலைப்பாதை ஊருக்குள் நுழையும் முக்கில் கடை வைத்திருந்த ஜெய்லானி ராவுத்தர், தராசுத் தட்டைத் துடைத்தபடியே அதைக் கேட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. தகப்பனார் விட்டுச் சென்ற கடை. மலைமேலுள்ள குண்டனி நாட்டுக்காரர்கள் கடுக்காய், மிளகு, தேன், சாமை ஆகியவற்றைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து அங்கே இறக்குவார்கள். ஜெய்லானி முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார். பிறகு துண்டை விரித்து, அதன் மறைவில் இருவரும் விரல்களைத் தொட்டு விலை பேசுவார்கள். அருகில் நிற்பவருக்கு விலை தெரியாது. விலைக்கு ஈடாக உப்பும் துணியும் மண்ணெண்ணெயும் மலையேறும்.

அந்தத் துண்டின் மேல்தான் பிரசிடெண்டுக்குக் கோபம். "துண்டுக்கடியில் நடக்கிறது வியாபாரமா, திருட்டா? மலைக்காரன் ஏமாளி என்பதற்காகத்தானே அந்த மறைவு?" என்று அவர் மேடைகளில் கேட்பதுண்டு. அந்தக் கேள்வியை முழுப் பொய் என்று ஜெய்லானியால் தள்ள முடியவில்லை. சில விரல்கள் சில நாட்களில் தம் பக்கமாகச் சாய்ந்ததை அவர் அறிவார். ஆகவே, பிரசிடெண்டு அவரைக் கூப்பிட்டனுப்பி, "உம்மை நம்பித்தான் அவர்கள் இறங்குவார்கள். முதல் ஏலத்துக்கு நீரே கூட்டிக்கொண்டு வாரும்" என்றபோது, அவர் மறுக்கவில்லை. ஏலத்தில் விலை ஏறினால் மலைக்காரர்களுக்கு நல்லதுதானே என்றும் எண்ணினார். பிரசிடெண்டைப் பகைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது என்றும் எண்ணினார். இரண்டில் எது முந்தியது என்பதைப் பின்னாளில் அவராலேயே பிரித்துச் சொல்ல இயலவில்லை.

முதல் ஏலத்துக்குக் காளியண்ணன் வந்தார். குண்டனி நாட்டின் ஒரு சிற்றூருக்கு அவர் ஊர்க்கவுண்டர். வழக்குத் தீர்ப்பதும் கல்யாணங்களை முன்நின்று நடத்துவதும் அவர் பொறுப்பு. அவர் இறங்கினால் ஊரே பின்னால் இறங்கும். அன்றும் வரிசையாகச் சுமைகளோடு வந்து சந்தையில் நின்றார்கள்.

ஏலக்காரன் மேடை மேல் ஏறி, தொண்டையைச் செருமிக்கொண்டு கூவினான்: "குண்டனி நாட்டுக் காளியண்ணன்! கடுக்காய் மூட்டை! ஒரு தரம்! குண்டனி நாட்டுக் காளியண்ணன்! ரெண்டு தரம்!"

மூன்றாம் தரம் கூவி முடிவதற்குள் மலைக்காரர்கள் தங்கள் சுமைகளைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. காளியண்ணன் மட்டும், விலைபோன மூட்டையைத் தொடாமல், கைத்தடியை எடுத்துக்கொண்டு மலைப்பாதையை நோக்கி நடந்தார். ஜெய்லானி பின்னாலேயே ஓடினார்.

"கவுண்டரே! நில்லுங்க! நல்ல வெலைக்குத்தானுங்க போச்சு. என்ன கொறை?"

காளியண்ணன் திரும்பினார். அவர் உதடுகள் வெளுத்திருந்தன. "ராவுத்தரே, நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

"தப்பா? யாருங்க சொன்னது?"

"அப்பறம் எதுக்கு எம்பேரைக் கூவுனாங்க?"

"அது ஏல வழக்கமுங்க. சரக்கு யாருதுன்னு நாலு பேருக்குத் தெரியணுமில்ல?"

"எங்க ஊர்லயும் அதுதான் வழக்கம். நாலு பேருக்குத் தெரியறதுக்குத்தான் கூவறது" என்று சொல்லிவிட்டு அவர் ஏறத் தொடங்கினார்.

மலையின் எந்தச் சரிவில் எந்த மாதம் எது காய்க்கும் என்பதை அறிந்திருந்த ஜெய்லானிக்கு இந்த வழக்கம் தெரியாது. பின்தங்கிய ஒரு கிழவி போகிற போக்கில் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். அவர்கள் ஊரில் திருடியவனோ முறைதவறியவனோ அபராதம் கட்ட மறுத்தால், அவன் வீட்டுச் சாமான்களை ஊர்ப் பொது மந்தைவெளிக்குக் கொண்டுவந்து, அவன் பெயரை மூன்று தரம் கூவி விற்பார்கள். அதன் பிறகு அவன் வீட்டில் எவரும் நெருப்பு வாங்கமாட்டார்கள், நல்ல காரியமும் நடவாது. பெயர் கூவப்படுவதைவிடப் பெரிய தண்டனை அவ்வூரில் கிடையாது.

அதன்பின் மலைக்காரர்கள் மலையடிப்பேட்டைக்கு இறங்கவில்லை. சுற்றுவழியில் காளப்பநாயக்கன்பட்டிக்கும், மறுபுறம் முள்ளுக்குறிச்சிக்கும் போனார்கள். உப்புக் கடையில் உப்பு கசிந்து தரை நனைந்தது. கொல்லன் அடித்து வைத்த அரிவாள்களில் துரு ஏறியது. சுங்கக் குத்தகை எடுத்தவன், வசூல் இல்லை என்று பிரசிடெண்டிடம் முறையிட்டான். பிரசிடெண்டு குத்தகையைக் குறைக்கவில்லை. அந்த நஷ்டத்தைச் சரிக்கட்டக் கடைகளின் மேல் ஒரு புது வரி போட்டார். வியாபாரம் இல்லாத கடைக்கு வரி கட்டும் நிலை வந்ததும், கடைக்காரர்கள் ஜெய்லானியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"போர்டு மீட்டிங்கில நீங்க பேசுங்க ராவுத்தரே. நாங்க அத்தன பேரும் பின்னால நிப்போம்" என்றார் துணிக்கடைக் குழந்தைசாமி.

"எவ்வளவு பின்னால?" என்று கேட்டார் கொல்லன். எல்லோரும் சிரித்தார்கள், குழந்தைசாமி சிரிக்கவில்லை.

கூட்டத்தில் ஜெய்லானி எழுந்து நின்று, தயாரித்துக்கொண்டு வந்ததை ஒழுங்காகவே சொன்னார். "பிரசிடெண்டு ஐயா நல்லது நெனச்சுத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா இந்த ஏற்பாட்டால சந்தை செத்துப்போச்சுங்க. சரக்கு வந்தாத்தான் சுங்கம். ஆள் வந்தாத்தான் சரக்கு. வராத ஆளுக்குச் சுங்கம் போட்டு, அதனால வந்த நஷ்டத்தை எங்க தலையில வெக்கறது எந்தக் கணக்குங்க? ஏலம் வேணும்னா இருக்கட்டும். பேரைக் கூவறதை மட்டும் நிறுத்திப்போடுங்க. அவங்களுக்கு அது சாவுக்குச் சமம்."

பிரசிடெண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பெயர் வேண்டாம். நாளைக்கு விலையும் கூவ வேண்டாம் என்பீர். அப்புறம் துண்டை விரித்துக்கொள்ளலாம், இல்லையா? ராவுத்தரே, இத்தனை வருஷம் மலைக்காரன் மானத்தைப் பற்றிப் பேசாத நீர், உம் கடை படுத்த பிறகு பேசுகிறீர்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜெய்லானி திரும்பிப் பார்த்தார். குழந்தைசாமி கூரையின் ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது அத்தனையும் உண்மையாக இருந்தும், சொன்ன வாய் தம்முடையது என்பதாலேயே அது செல்லாமல் போயிற்று என்பது ஜெய்லானிக்கு விளங்கியது. அவர் உட்கார்ந்தார். ஏல முறை மாற்றமின்றித் தொடரும் என்று தீர்மானமாயிற்று.

மலைக்காரர்களிடமே நேரில் போய்க் கெஞ்சுவது ஒன்றுதான் மிச்சம். அதுவரை சரக்குதான் அவரைத் தேடி இறங்கியதே தவிர, அவர் காளியண்ணனின் ஊருக்கு ஏறியதில்லை. மூச்சு வாங்க, வழி கேட்டுக் கேட்டு ஏறிப் போனார். காளியண்ணன் தம் வீட்டில் இல்லை. ஊர் எல்லைக்கு வெளியே, சாமைக் கொல்லையின் காவல் குடிசையில் இருந்தார்.

"அங்கயே நின்னு பேசுங்க ராவுத்தரே. எனக்குத் தண்ணி குடுக்கற யோக்கியதை இப்ப இல்லை" என்றார் அவர்.

"நீங்க எந்தத் தப்பும் பண்ணலைன்னு ஊருக்கே தெரியுமேங்க!"

"தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது? கூவுனது கூவுனதுதான். நானே எத்தனை பேரை வெளியில நிறுத்தியிருக்கறேன்? எனக்கு ஒரு ஞாயம், அவனுக்கு ஒரு ஞாயமா?" அவர் குடிசை வாசலில் உட்கார்ந்தார். "எம்மக பொன்னாயிக்கு வைகாசியில கல்யாணம் பேசியிருந்துது. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வேண்டாம்னு நின்னுபோட்டாங்க."

ஜெய்லானி கடையைப் பற்றிப் பேச வந்திருந்தார். அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஊர்க்காரர்களைக் கூட்டச் சொல்லி, அவர்கள் முன்னால் நின்று, அது தண்டனை அல்ல, சர்க்கார் நடைமுறை என்று எடுத்துச் சொன்னார். அப்பாசாமி என்ற பெரியவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சர்க்காரோ, போர்டோ, எங்களுக்குத் தெரியாதுங்க. ஒரு வழிதான் இருக்குது. வேற ஒருத்தன் தானா வந்து கேட்டு, கூவுன எடத்துலயே, கூவுன வாயே அவன் பேரைக் கூவோணும். அவன் ஏத்துக்கிட்டா இவன் மேல இருக்கறது கழிஞ்சுபோகும். ஆனா ஏத்துக்கிட்டவன்கிட்ட நாங்க குடுக்கல் வாங்கல் வெச்சுக்க மாட்டோம். பேச்சும் இல்லை."

"எந்த ஊர்க்காரனும் ஏத்துக்கலாமுங்களா?"

"எந்த ஊர்க்காரனும். ஆனா எவன் வருவான்?"

ஜெய்லானி மலையிறங்கினார். காளியண்ணனின் ஊரோடு குடுக்கல் வாங்கல் இல்லையென்றால், அந்த ஊரைப் பார்த்து நடக்கும் மற்ற ஊர்களும் அவர் கடைப் பக்கம் திரும்பா. பிரசிடெண்டு என்றோ ஒருநாள் மனம் மாறினாலும் அந்தக் கடை பிழைக்காது.

வீட்டில் அவர் மனைவி பாத்திமா பீவி முழுவதையும் கேட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்கு என்ன பைத்தியமா? ஏலத்தைக் கொண்டாந்தது அந்த மவராசன். பேரைக் கொடுக்கறது நீங்களா?"

"கூட்டியாந்தது நானாச்சே."

"அவுரு கூட்டியாரச் சொன்னாரு, கூட்டியாந்தீங்க."

"மாட்டேன்னு சொல்லியிருக்கலாமில்ல? சொல்லலியே."

அவள் அடுப்பைக் கிளறினாள். பிறகு, "நாளைக்கு இந்த அடுப்புக்கு என்ன வழி?" என்றாள். விறகை உள்ளே தள்ளிவிட்டு அவளே சொன்னாள்: "ஏலத்துல போடறதுதான் போடறீங்க, அந்தப் பூச்சி விழுந்த கடுக்காய் மூட்டையைப் போடுங்க. நல்ல சரக்கையும் சேத்து அங்க தாரை வாக்க வேண்டாம்."

அடுத்த சந்தையன்று ஜெய்லானி அந்த மூட்டையைத் தாமே தூக்கிக்கொண்டு போனார். சந்தையில் கடைக்காரர்களும் சுங்கக்காரனும் தவிர ஆட்கள் மிகக் குறைவு. அவர் கேட்டதைக் கேட்டு ஏலக்காரன் விழித்தான். "உங்க பேரையா? சரக்கைச் சொன்னாப் போதாதுங்களா?"

"உத்தரவு பேரைக் கூவத்தானே சொல்லுது? கூவு."

செய்தி எட்டியதும் பிரசிடெண்டு தாமே சந்தைக்கு வந்துவிட்டார். அவர் முகம் மலர்ந்திருந்தது. மேடைமேல் ஏறி, ஏலக்காரன் பக்கத்தில் நின்று, "இந்த ஏற்பாட்டை எல்லோரையும்விடக் கடுமையாகக் குறை சொன்னவர் நம் ராவுத்தர். இன்று அவரே தம் சரக்கைப் பகிரங்க ஏலத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?" என்றார். சிலர் கைதட்டினார்கள். குழந்தைசாமியும் தட்டினார்.

ஜெய்லானி மறுத்துப் பேச வாயெடுத்தார். சந்தையின் ஓரத்தில், புளியமரத்தின் மறுபக்கம், அவர் சொல்லியனுப்பியபடியே வந்திருந்த அப்பாசாமி தடியூன்றி நிற்பது கண்ணில் பட்டது. பேசத் தொடங்கினால் ஏலம் நின்றுவிடும்; கூவல் நடவாது. வாயை மூடிக்கொண்டார்.

"மலையடிப்பேட்டை ஜெய்லானி ராவுத்தர்! ஒரு தரம்!"

தம் பெயர் அவ்வளவு உரக்கக் கூப்பிடப்பட்டதை அவர் கேட்டதேயில்லை. இரண்டாம் தரத்தில் காதுகள் சுட்டன. தமக்கு இந்த வழக்கத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். மூன்றாம் தரத்தில் அது உதவவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது புளியமரத்தடியில் எவரும் இல்லை.

அதற்குப் பிறகும் மலைச்சரக்கு மலையடிப்பேட்டைக்கு வரவில்லை. பிரசிடெண்டு தம் வருஷாந்தரப் பேச்சில், இடைத்தரகு ஒழிந்துவிட்டது என்று பெருமையோடு அறிவித்தார். தரகு ஒழிந்தது உண்மைதான். அதோடு சந்தையும் ஒழிந்திருந்ததைச் சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருவரும் எழவில்லை. ஜெய்லானி ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டவர்.

ஆனி மாதத்தில் ஒரு காலை வேளையில், கடைக்குள் மிஞ்சியிருந்த உப்பை ஜெய்லானி அள்ளிக்கொண்டிருந்தபோது, மலைப்பாதையிலிருந்து காளியண்ணன் சுமையோடு இறங்கினார். கடைக்கு எதிரே நின்றார். தெருவில் யாருடையதோ ஒரு கழுதை மேய்ந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துப் பேசினார்.

"ஏனுங்க கழுதையாரே, பொன்னாயி கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுங்க. இந்தப் பக்கத்து ஆளுங்க யாராச்சும் கேட்டாச் சொல்லிப்போடுங்க."

ஜெய்லானி உப்புக் கையோடு வாசலுக்கு வந்தார். பிறகு அவரும் கழுதையைப் பார்த்தார்.

"சந்தோசமுங்க கழுதையாரே. மாப்பிள்ளைப் பையன் எப்படி?"

"உழைப்பாளி. கொஞ்சம் வாய் நீளம், ஒங்களாட்டம்" என்று காளியண்ணன் கழுதைக்குச் சொன்னார்.

ஜெய்லானி சிரித்தார். சிரித்துக்கொண்டே, வியாபாரியின் பழக்கத்தால் கேட்டுவிட்டார்: "காளப்பநாயக்கன்பட்டியில கடுக்காய் என்ன வெலைக்குப் போகுதுங்க கழுதையாரே?"

காளியண்ணன் தலைச்சுமையை ஒரு கையால் சரிசெய்துகொண்டு விலையைச் சொன்னார். துண்டுக்கடியில், மிக மோசமான நாளில்கூட, ஜெய்லானியின் விரல்கள் அவ்வளவு தாழ இறங்கியதில்லை. மலைக்காரர்களுக்குத் திரும்பிப்போக வேறு இடமில்லை என்பது அந்த ஊர் வியாபாரிகளுக்குத் தெரிந்துவிட்டது.

"ரொம்பக் கொறைச்சலுங்க" என்றார் ஜெய்லானி. இந்தத் தடவை அவர் கழுதையைப் பார்க்கவில்லை.

காளியண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று, காளப்பநாயக்கன்பட்டிச் சாலையில் வேகமாக நடந்தார்.