லோகுவின் பெஞ்சு

டங், டங், டடங் என்று வாணலி விளிம்பில் மூன்று அடி. அதற்குப் பிறகுதான் லோகு முட்டையை உடைப்பான். சேலையூர் கேம்ப் ரோட்டில் பொன்னுரங்கத்தின் ஹார்டுவேர் கடையை ஒட்டி அவனுடைய ஃபிரைட் ரைஸ் வண்டி நிற்க ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. பதினோரு வருஷமும் அந்த மூன்று அடி பொன்னுரங்கத்தின் மண்டைக்குள்தான் விழுகிறது. சத்தம் போதாதென்று புகை வேறு. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் ஆடிக்குள் சட்டியின் அடிப்பக்கம் மாதிரி ஆகிவிடும். கவுன்சிலரிடம் சொல்லிப் பார்த்தார். வந்து பார்த்த கவுன்சிலர் நின்றபடியே அரை பிளேட் தின்றுவிட்டு, "நல்லாத்தான் கீது" என்று சொல்லிப் போய்விட்டார்.

முழுப்பெயர் லோக் பகதூர். நேபாளத்தில் டாங் பக்கம். வண்டிக் கண்ணாடியில் பசுபதிநாதர் படம், அதற்குப் பக்கத்தில் மனைவி படம். தமிழை ஆட்டோ ஸ்டாண்டில் கற்றவன். "இன்னா அண்ணா, மூஞ்சி பேஜாரா கீது?" என்பான். "அக்கா வந்தான், அண்ணன் போச்சு" என்றும் சொல்வான். திருத்தினால் சிரிப்பான், திருந்த மாட்டான். தட்டை வலது கையால் நீட்டும்போது இடது கையால் முழங்கையைத் தொட்டுக்கொள்வான். அவன் ஊரில் அது மரியாதையாம். வாங்குகிறவன் கடன்காரனா கனவானா என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஒரு பிளேட்டுக்கு மூன்று நிமிஷம். நாலாவது நிமிஷம் ஆனால் தன்னைத்தானே நேபாளியில் திட்டிக்கொள்வான்.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. பிள்ளை பிடிக்கும் கும்பல் தாம்பரம் பக்கம் இறங்கியிருக்கிறது என்று எல்லார் போனிலும் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்த வாரம். புர்கா போட்ட இரண்டு பெண்கள், பெரியவள் ஒருத்தி, சின்னவள் ஒருத்தி, பின்தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுமியிடம் வழி கேட்டிருக்கிறார்கள். அது மிரண்டு அழ, எவனோ கத்த, முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். மெயின் ரோட்டுக்கு ஓடிவந்த பெண்கள், போக்கிடம் இல்லாமல் லோகுவின் பெஞ்சில் வந்து விழுந்தார்கள்.

பொன்னுரங்கம் முதலில் செய்தது, ஷட்டரைப் பாதி இறக்கியது. அதை அவரே சொல்வார், மறைக்க மாட்டார்.

லோகு அடுப்பை விட்டு வந்து பெஞ்சை மறைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னாத்துக்கு வரீங்க? இவங்க என் கஸ்டமர்."

"ஒத்திக்கோடா லோகு! புள்ள புடிக்கிறவளுங்கடா!" என்றான் முன்னால் நின்ற குமரவேல். எதிர்ச்சாரியில் பைக் மெக்கானிக், தினமும் பார்சல் வாங்குபவன். "நீயும் அவளுங்க கேங்கா? வெளியூர்லேர்ந்து வந்தவன் எல்லாம் ஒண்ணுதான்!"

"ஊர் கதை அப்பால பேசலாம். பெஞ்சில குந்தினா கஸ்டமர். துன்னு முடிக்கிற வரைக்கும் என் ஆளு. அப்புறம் போலீசு வந்து கேக்கட்டும்."

ஒரு கல் வந்து சாஸ் பாட்டிலை உடைத்தது. அடுத்த கல் அவன் புருவத்தில். ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு லோகு பெரியவளிடம் திரும்பினான். "இன்னா சாப்டுறீங்கம்மா?"

சின்னவள்தான், "முட்டை போதுண்ணா. கறி வேணாம்" என்றாள்.

அவ்வளவு போதும் அவனுக்கு. இந்த வாணலியில் இப்போதுதான் கோழி வெந்தது, அது ஹலால் கறி இல்லை, இவர்களுக்கு ஆகாது என்று கூட்டத்துக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, வாணலியை இறக்கித் தேய்க்க உட்கார்ந்தான். பெஞ்சுக்கு முன்னால், வழியை அடைத்துக்கொண்டு. சோப்பு போட்டு ஒரு தடவை, வெந்நீர் ஊற்றி ஒரு தடவை. மோந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி, மறுபடியும். இரண்டாவது கழுவலில்தான் பொன்னுரங்கத்துக்கு விஷயம் உறைத்தது. ஷட்டருக்குப் பின்னால் குனிந்து போலீசுக்குப் போன் அடித்தார்.

லோகு புது எண்ணெய்ப் பாக்கெட் பிரித்தான். கரண்டியைக் கழுவினான். முட்டைக்கோசை நூல் நூலாக நறுக்கினான். மூன்று நிமிஷக்காரன் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டான். ஒருத்தன் பாத்திரம் தேய்ப்பதை எவ்வளவு நேரம்தான் கையை ஓங்கிக்கொண்டு பார்ப்பது?

"டேய், சட்டி ஓட்டையாயிடப் போவுதுடா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நாலு பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்கள் முதலில் கலைந்தார்கள். ஜீப் வந்தபோது மிச்சம் எட்டுப் பேர். குமரவேல் அதற்குள் எதிர்ச்சாரிக்குப் போய் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் புது சாஸ் பாட்டில் ஒன்றை வண்டியில் வைத்துவிட்டு, லோகுவின் முகத்தைப் பார்க்காமலே போனவனும் அவன்தான்.

விசாரித்ததில், மாமியாரும் மருமகளும். ஆம்பூர்க்காரர்கள். மருமகளுக்கு இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்து, வாடகைக்கு வீடு தேடி வந்திருக்கிறார்கள். நாலு வீட்டில் பேரைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டார்களாம். அஞ்சாவதாக எங்கே டு-லெட் போர்டு இருக்கிறது என்றுதான் அந்தச் சிறுமியிடம் கேட்டிருக்கிறார்கள்.

ஜீப் போனது. பெண்கள் சாப்பிட்டு முடித்தார்கள். லோகு புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டு பொன்னுரங்கத்திடம் வந்தான்.

"அண்ணா, ஆஸ்பத்திரிக்கு நானே போய்க்கிறேன். உங்க மாடி வூடு ரெண்டு மாசமா காலியா கீதே..."

"டேய், வூட்ல செல்லியம்மா இன்னா சொல்லுவாளோ."

"அக்கா கைல நான் பேசறேன். நீங்க இப்போ தொறந்து காட்டுங்க. ஒரு கதவு தொறக்கறதுக்கே இன்னிக்கு எவ்ளோ தூரம் நடந்துகீறாங்க பாருங்க."

பொன்னுரங்கம் மாடிப்படி லைட்டைப் போட்டார்.