முன்சக்கரத்துக் கல்

லீலாவின் பயத்தைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் பென்னலூரில் கிடையாது. குக்கர் மூன்றாவது விசிலுக்குத் தயாரானால் அவள் வாசலில் நிற்பாள். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் குண்டு வெடித்ததிலிருந்து ஊருக்கே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. லீலாவுக்கு அது ஏற்கெனவே இருந்ததோடு சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். சிரித்தவர்கள் சிரிக்கட்டும். அந்த ஆடிக் கிருத்திகையன்று அவள் பட்டதை அவர்களில் ஒருத்தர் பட்டிருந்தாலும் படுத்த படுக்கையாகியிருப்பார்.

அவள் புருஷன் பாண்டுரங்கன் பழைய ஃபியட் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டியின் பின்பக்க ஷாக் அப்சர்பர் இரண்டும் எண்ணெய் கக்கி ஓய்ந்துபோயிருந்தன. ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த பள்ளம் வரும்வரை பின்சீட்டு குதித்துக்கொண்டே இருக்கும். மறுநாள் காலை, நிறைமாதமாக இருந்த எதிர்வீட்டு மீனம்மாளை வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். மெக்கானிக் தணிகாசலமோ காவடி எடுக்கக் குன்றத்தூர் போய்விட்டார்.

"நானே மாத்திடறேன். மேல ஒரு நட்டு, கீழ ஒரு நட்டு. இதுக்கு இன்னா ஐயரக் கூப்பிட்டு நாள் பாக்கணுமா?" என்றான் பாண்டுரங்கன்.

"வண்டிக்கு அடியில போவணுமா?" என்றாள் லீலா. அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

வாசல் தெருவைப் பார்த்துச் சரிந்திருந்தது. வண்டியும் தெருவைப் பார்த்தபடியே நின்றது. பின்பக்கம் நடுவில், அச்சுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கினான். இரண்டு பின்சக்கரங்களையும் கழற்றினான். கைபிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும்தான். அவை கழன்றபின் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். அதனால் முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு கருங்கல்லை அண்டக் கொடுத்திருந்தான். வண்டி மொத்தமும் அந்த ஒரு கல்லை நம்பித்தான் நின்றது. இதை அவன் லீலாவிடம் சொல்லவில்லை. பயந்தவளிடம் இதையெல்லாம் சொல்வானேன் என்று விட்டுவிட்டான். எனக்கு அவன்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

"ஜாக்கி சாஞ்சிட்டா? அந்தச் சக்கரத்தயாவது அடியில போடுங்க" என்று அவள் நச்சரித்தாள்.

அவள் வாயை அடைப்பதற்காகக் கழற்றிய சக்கரம் ஒன்றை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டான். பிறகு மல்லாந்து உள்ளே நுழைந்தான். இடுப்புக்குக் கீழே மட்டும்தான் வெளியே தெரிந்தது.

அவள் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். புது வண்டி எடுத்தால் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள், நீண்ட பயணம் போனால் வைக்கிறார்கள். இன்று கிருத்திகை வேறு. ஒரு பழம்கூட வைக்காமல் மனுஷன் அடியில் படுத்திருக்கிறானே! கேட்டால் கேலி செய்வான். சத்தம் போடாமல் சமையலறைக்குப் போய் இரண்டு பழங்களை எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள்.

பழம் வைக்க வேண்டிய இடத்தில் கல் இருந்தது.

ஏதோ வழியில் கிடந்த கல் என்று நினைத்தாள். இரண்டு கையாலும் அசைத்து, உருவி, ஓரமாகத் தள்ளினாள். சக்கரத்தின் முன்னால் ஒரு பழத்தைப் பொருந்த வைத்து, மறு சக்கரத்துக்கானதை இடுப்பில் செருகிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மனசு கொஞ்சம் லேசானது. ஜாக்கியின் பிடிப்பில் வண்டி அப்போதைக்கு அசையாமல் நின்றது.

இடது பக்கத்து வேலை முடியும் நேரம், பாண்டுரங்கன் கடைசியாகக் கீழ் நட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். ஸ்பேனரை ஓங்கி ஒரு இழு இழுத்தான். பழம் நசுங்கியது. வண்டி ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்து, வண்டியின் பின்பாகம் தடாலென்று இறங்கியது.

அந்தக் கால்கள் அசையவில்லை. அவை அசைவதற்குள் லீலாவுக்கு ஒரு ஆயுசு போய்விட்டது.

"இழுடி!" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

இழுத்தாள். முழங்கை சிராய்ப்போடு வந்து விழுந்தான். படுக்கப் போட்ட சக்கரத்தின்மேல் வண்டி உட்கார்ந்திருந்தது. அவன் நெஞ்சுக்கும் இரும்புக்கும் நடுவே நாலு விரல் இடம் மிச்சம் இருந்திருக்கிறது.

எழுந்து முன்பக்கம் போனான். ஓரமாகக் கிடந்த கல்லைப் பார்த்தான். சக்கரத்தடியில் நசுங்கிக் கிடந்த பழத்தைப் பார்த்தான். சாமி, பூதம் என்று யார் சொன்னாலும் கிண்டல் செய்கிறவன், பழத்தைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டான்.

"வண்டி கல்லையே தள்ளிக்கினு வந்துட்சு பாரு லீலா. நீ வச்ச பழம்தான் காப்பாத்திச்சு. முருகந்தான் வந்து நின்னான்" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். அப்படியே போகட்டும் என்றுதான் இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் தன்னை இனி எந்தக் கண்ணால் பார்ப்பான்?

அவன் மறுபடியும் ஜாக்கியை நிமிர்த்தி வண்டியைத் தூக்கத் தொடங்கினான்.

"வலது பக்கம் பாக்கி கீது. நாளைக்குப் புள்ளத்தாச்சி ஏறணும். அந்தக் கல்லு வேணாம், அது நிக்காது. இன்னொரு பழம் கீதா? அத்த வை."

பழம் அவள் இடுப்பில்தான் இருந்தது. குக்கருக்கும் குண்டுக்கும் பயந்ததெல்லாம் ஒரு பயமா என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"கல்ல நான்தாங்க எடுத்தேன்" என்றாள்.

அவன் திரும்பினான்.

"பழம் வைக்க எடம் இல்லன்னு எடுத்தேன். அது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்லல. நான்தான் உங்கமேல வண்டிய வுட்டேன்."

அடிப்பான் என்று நினைத்தாள். அவன் ஜாக்கியின் கைப்பிடியை விட்டுவிட்டு, ஓரமாகக் கிடந்த கல்லைக் காட்டினான். "கொண்டாந்து வை. நீயே வை" என்றான்.

கல்லைச் சக்கரத்தோடு சேர்த்து முட்டக் கொடுத்தாள். காலால் உதைத்துப் பார்த்தாள். அம்மிக்கல்லையும் உருட்டி வந்து மறு சக்கரத்துக்கு வைத்தாள். குனிந்தவன் நின்று, கல்யாணமான பதினாலு வருஷத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டான்:

"நிக்குமா லீலா?"

"நிக்கும். நான் பாத்துட்டேன், போங்க."

அவன் அடியில் போனான். லீலா முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் வெளியே வரும்வரை கல்லைவிட்டுக் கையை எடுக்கவில்லை.