ஆப்சென்டா, ஃபெயிலா

அக்காவின் பிளஸ் டூ முடிவு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டி ஒன்றில் எடை போடும் வேலையிலிருந்த அப்பா, பிரவுசிங் சென்டரில் எடுத்த தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வழக்கத்தைவிட மெதுவாக வந்தார். மற்ற பாடங்களுக்கெல்லாம் மார்க் இருந்தது. கணக்குக்கு நேரே மட்டும் ஆப்சென்ட்.

ஃபெயில் எங்கள் தெருவுக்குப் பழகிய சொல். நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் அது இருந்தது. மறுபடி எழுதினால் போய்விடும். ஆப்சென்ட் அப்படியல்ல. காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பிய பெண் பரீட்சைக்குப் போகவில்லை என்றால், எங்கே போனாள் என்பதை ஊரே எழுதி நிரப்பிவிடும்.

“ஃபெயில்னு வந்திருந்தா ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன். அன்னிக்கு எங்க போன, அத சொல்லு” என்றார் அப்பா.

“எழுதனேன்பா. பேப்பர் கஷ்டமா இருந்துச்சு. வீட்டுக்கு வரப் பயந்து ஏரிக்கரையில உக்காந்துக்கினு இருந்தேன்.”

“யாரு கூட?”



அந்த வயதிலேயே எனக்குத் தேதி போட்டு எழுதும் பைத்தியம் உண்டு. வீட்டுக்கு யார் எப்போது வந்தார்கள் என்பதுவரை ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். அப்பா அதைக் கொண்டுவரச் சொன்னார். கணக்குப் பரீட்சை நாளைப் புரட்டி, உதவி செய்கிற பெருமையில் உரக்கப் படித்தேன்: அக்கா வந்தது நாலே கால். பரீட்சை முடிந்ததோ ஒன்றே காலுக்கு. அம்மா நோட்டைப் பிடுங்கினாள், ஆனால் படித்தாகிவிட்டது.

இரண்டு நாள் அப்பா அக்காவிடம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து, ஆவணியிலேயே அவளைக் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

திங்களன்று அப்பா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு விழுப்புரம் போனார். பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம், அப்பா வேறு சீட்டில். அங்கே பரீட்சை அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு அம்மா இரண்டு மணி நேரம் காக்க வைத்து, பரீட்சை ஹாலில் கையெழுத்து வாங்கிய தாளைத் தேடி எடுத்து வந்தார்.

“உங்க பொண்ணு எழுதியிருக்குது சார். தப்பு எங்க பக்கம்தான். பத்து நாள்ல மார்க் வந்துடும்.”

அப்பா அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பஸ் டிக்கெட்டைத் திருப்பி, அதன் பின்னால் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லி அக்காவிடம் பேனாவை நீட்டினார். போட்டாள். இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் நெடுநேரம் துடைத்தார்.

பத்து நாள் கழித்து மார்க் வந்தது. இருநூறுக்கு ஐம்பத்திரண்டு.

அன்று அப்பா ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தார். தெருவில் ஒரு வீடு விடவில்லை. மாமா கையிலும் ஒன்றை வைத்து, “ஃபெயிலுதான் மச்சான். ஆப்சென்ட் கெடையாது” என்றார். அவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

அக்காவிடமும் நீட்டினார். அவள் வாங்காமல் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். ஃபெயிலானதற்கு அழுகிறாள் என்று நினைத்து, அவளுடைய ஜாங்கிரியையும் நானே தின்றேன்.