நண்டுக் கதையும் பிள்ளையார் பாட்டும்

தொண்ணூற்று நான்காம் ஆண்டு கோடைகாலம். இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் நடுவில் இருந்த ஒரு பழைய மாடி வீட்டில் சமையலும் துப்புரவும் செய்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து கணவரோடும் மகளோடும் வந்து இரண்டு வருடம் முடிந்திருந்தது. வந்தது வேறொரு குடும்பத்தின் கடவுச்சீட்டில். அதனால் எங்கள் மூவருக்கும் வெளியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். இங்கே தங்குவதற்கான அனுமதிப் பத்திரத்தை பெர்மெஸ்ஸோ என்பார்கள். அது எங்களிடம் இல்லை. பிடிபட்டால் நாட்டை விட்டுப் போ என்று ஒரு தாளைக் கையில் தருவார்கள். திரும்பிப் போக ஊரில் எங்களுக்கு வீடும் மிஞ்சியிருக்கவில்லை. அதனால் மகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே பொய்ப் பெயரைச் சொல்லப் பழக்கிவிட்டேன்.

நான் வேலை செய்த வீட்டு அம்மாவை சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஓர் அறையை வாடகைக்கு விடுவார். அந்தக் கோடையில் அங்கே ஒரு பெண் வந்து தங்கினாள். நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். பிறந்தது கியூபாவில், வளர்ந்தது அமெரிக்காவில், பிள்ளைகளுக்கான கதைப் புத்தகம் எழுதுகிறவள் என்று சிஞ்ஞோரா சொன்னார். இந்தத் தீவின் பழைய கதைகளையும் பொம்மலாட்டக் கதைகளையும் கேட்டு எழுத வந்திருக்கிறாளாம்.

எனக்கு அவளைக் கண்டதிலிருந்தே பிடிக்கவில்லை. எழுத்தாளர் என்றால் ஒரு மூலையில் இருந்து எழுதவேண்டியதுதானே? இவள் சந்தைக்காரனோடு கதைப்பாள், மாடிப்படி கழுவுகிறவளோடு கதைப்பாள், எல்லாவற்றையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதுவாள். கையில் எப்போதும் ஒரு டேப் ரெக்கார்டர். முதல் நாளே என்னிடம், "உன் ஊர் எது? உன் அம்மா எங்கே? எப்படி இங்கே வந்தாய்?" என்று வரிசையாகக் கேட்டாள். இதே மூன்று கேள்வியைத்தான் போலீஸ்காரரும் கேட்பார்கள். இத்தாலியமொழி விளங்காத மாதிரி தலையை ஆட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

கணவர் மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன்.

"பிள்ளையளுக்குக் கதை எழுதுறதுக்கு ஏன் அமெரிக்காவிலை இருந்து இஞ்சை வரவேணும்? நீர் வாயைத் திறவாதையும்" என்றார் அவர். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதில் அவரை யாரும் வெல்ல முடியாது.

பள்ளி விடுமுறை என்பதால் ஐந்து வயது மகளையும் வேலைக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அவளை பால்கனியில் இருத்தி, அந்த அன்ரியோடு கதைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். இருந்தும் ஒரு நாள் பார்க்கிறேன், அந்தப் பெண் மகளின் கையை நீட்டிப் பிடித்து உள்ளங்கையிலிருந்து தோள்வரை விரலால் தடவிக்கொண்டிருக்கிறாள். எங்கள் ஊர்ப் பத்திரங்களில் எல்லாம் அங்க அடையாளம் என்று ஒரு வரி இருக்குமே. மகளின் முழங்கைக்கு மேலே ஒரு மச்சம் உண்டு. ஓடிப்போய்ப் பிள்ளையை உள்ளே இழுத்து வந்தேன்.

இரண்டு நாள் கழித்து, நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் பால்கனியில் நின்று ஒரு பீச் பழத்தை நீட்டி மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வெளிப்பெயர் இல்லை. வீட்டுப் பெயர். அந்தப் பெயர் அந்த வீட்டில் சிஞ்ஞோராவுக்குக்கூடத் தெரியாது.

மகளைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"உன்ரை வீட்டுப் பேரை அவவுக்குச் சொன்னனீயே?"

"இல்லை அம்மா."

"சத்தியமா?"

"ஓம் அம்மா. நான் அவவோடை கதைக்கிறேல்லை."

பிள்ளை சொல்லவில்லை என்றால் அந்தப் பெயர் அவளுக்கு எங்கேயிருந்து வந்தது? ஏதோ ஒரு அலுவலகத்தில் எங்கள் கோப்பு திறந்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். ஐந்து வயதுப் பிள்ளை என் அடிக்குப் பயந்து பொய் சொல்லும் என்பது எனக்குத் தோன்றவில்லை. பொய் சொல்லப் பழக்கியவளே நான்தான், அதுகூட மறந்துபோனது.

அந்தச் சனிக்கிழமை அவள் வெளியே போன நேரம் அறையைப் பெருக்கப் போனேன். மேசையில் ஒரு கசெட் இருந்தது. அதை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒரேத்தோ தெருப் பக்கம் இருந்த எங்கள் அறைக்கு வந்ததும் எங்கள் இரட்டைக் கசெட் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டேன். முதலில் கிதார் இசை. எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்களும் அதைத்தானே செய்வோம்! ஊருக்குக் கசெட்டில் பேசி அனுப்பும்போது தொடக்கத்தில் இரண்டு பக்திப் பாட்டுப் பதிவோம், வழியில் சோதனை முகாமில் யாராவது போட்டுப் பார்த்தால் சாமிப் பாட்டு என்று விட்டுவிடுவார்கள் என்று. யாரிடம் இந்த வேலை காட்டுகிறாய் என்று நினைத்துக்கொண்டே மேலே ஓடவிட்டேன். அந்தப் பெண்ணின் குரல் ஏதோ கேட்கிறது, இன்னொரு பெண்குரல் பதில் சொல்கிறது. எல்லாம் ஸ்பானிஷ். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் கேள்வியும் பதிலும் எந்த மொழியிலும் தெரியும் அல்லவா? விசாரணை அறிக்கை என்று தீர்ப்பெழுதிவிட்டேன்.

கசெட்டை அழித்துவிடாமல் இருக்க அதன் தலைப்பக்கத்துச் சின்ன மூடிகளை உடைத்துவிட்டிருந்தாள். அந்த ஓட்டைகளை அடைத்தால் மறுபடியும் பதியலாம் என்று தெரியாத எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் யார்? காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை வெட்டி ஒட்டினேன். வெறுமையாக விட்டால் அழித்தது தெரிந்துவிடும், பாட்டு இருந்தால் கசெட் மாறிவிட்டது என்று நினைப்பாள். இது என் புத்திசாலித்தனம். எங்கள் கசெட் ஒன்றிலிருந்து அந்தப் பக்கம் முழுக்கப் பிள்ளையார் பாட்டைப் பதிந்தேன். மறுபக்கத்தைத் தொடங்குமுன் கணவர் வந்துவிட்டார். திங்கட்கிழமை காலை கசெட் அதே மேசையில் இருந்தது, பதற்றத்தில் நான் உரிக்க மறந்த பிளாஸ்டரோடு.

அன்று மத்தியானம் சிஞ்ஞோரா படுத்திருந்தார். நான் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் அறையிலிருந்து தவிலோடும் நாதஸ்வரத்தோடும் பிள்ளையார் பாட்டு கிளம்பியது. பாட்டு நடந்து நடந்து கிட்ட வந்தது. திரும்பிப் பார்த்தால், சமையலறை வாசலில் ரெக்கார்டரைப் பிடித்தபடி அவள் நிற்கிறாள். முகத்தில் இரத்தமே இல்லை. கசெட்டை வெளியே எடுத்து, பிளாஸ்டரை நகத்தால் தூக்கி என்னிடம் காட்டினாள்.

"இதை ஒட்டியது நீயா?"

அழுதுகொண்டே, தெரிந்த இத்தாலியமொழியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெர்மெஸ்ஸோ இல்லை, பெயர் பொய், போலீசில் சொல்லாதே. அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். நான் அடுப்பை அணைத்தேன்.

பிறகு சொன்னாள். ஏழு வயதில் சட்டையில் பெயர் எழுதிய தாளைக் குத்தி அவளைத் தனியாக விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்களாம். அவளை வளர்த்த பெரியம்மாவை அதற்குப் பிறகு பார்த்தது ஒரே ஒரு தடவை. அப்போது பெரியம்மா சொன்ன கதைகளைப் பிடித்த கசெட் அது. வேறு பிரதி இல்லை. பெரியம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. கேட்டால் அழுகை வருகிறது என்று எழுதாமல் தள்ளிப்போட்டு, இங்கே வைத்து எழுதலாம் என்று கொண்டுவந்தாளாம். நான் அழித்த பக்கத்தில் இருந்தது ஒரு நண்டின் கதை.

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லாதது நல்லது. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

பிறகு அங்கேயே, என் சமையலறை மேசையில், அந்தக் கதையை நினைவிலிருந்து ரெக்கார்டருக்குள் சொல்லத் தொடங்கினாள். எனக்கும் விளங்கவேண்டும் என்றோ என்னவோ, இத்தாலியமொழியில் சொன்னாள். கடல் வற்றிப்போன ஒரு நண்டு ஊருக்குள் வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறது. ஒவ்வொரு கதவிலும் ஒரே ஒரு வரியைப் பாடுகிறது. அந்த வரி வந்ததும் நின்றுவிட்டாள். பெரியம்மா தானே கட்டிய வரி அது, சொற்கள் அவளுக்கு நினைவு வரவில்லை. இன்னொரு தரம் தொடங்கினாள். அதே கதவில் மறுபடியும் நின்றாள். மேசையில் கையை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் பெரியம்மாவின் வாயை நான் பொத்திவிட்டேன் என்று எனக்குப் பட்டது.

அப்போது பால்கனிக் கதவடியில் என் மகள் வந்து நின்றாள். கீழுதட்டைக் கடித்தபடி என்னையே பார்த்தாள்.

"அம்மா, எனக்குத் தெரியும். சொல்லட்டே?"

"என்ன தெரியும் உனக்கு?"

"நண்டின்ரை பாட்டு. அன்ரி ஒவ்வொரு நாளும் என்ரை காதிலை ஹெட்போன் மாட்டிப் போட்டுவிட்டவ. நான் அவவுக்கு எங்கடை நண்டூருது விளையாட்டுச் சொல்லிக் குடுத்தனான். என்ரை பேரும் நான்தான் சொன்னனான். அடிக்காதேங்கோ அம்மா."

அங்க அடையாளம் தேடிய விரல்கள் நண்டூருது விளையாடிய விரல்கள் என்று அப்போதுதான் விளங்கியது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். மகள் ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையை நீட்டிப் பிடித்து, உள்ளங்கையிலிருந்து தோள்வரை விரல்களால் ஊர்ந்துகொண்டே, அந்த வரியை ஸ்பானிஷில் இராகத்தோடு சொன்னாள். ஒரு கிழவி இழுக்கிற மாதிரியே கடைசிச் சொல்லை இழுத்தாள். அந்தப் பெண் மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வரியின் பொருளைப் பிறகு சொன்னாள்: வீட்டுக்காரி, கதவைத் திற, ஒரு பொத்தான் அளவு இடம் எனக்குப் போதும்.

அவள் யாரிடமும் எங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இலையுதிர்காலத்துக்கு முன்பே ஊருக்குத் திரும்பிவிட்டாள். பெர்மெஸ்ஸோ எங்களுக்குப் பின்னர் கிடைத்தது. அது வேறு கதை. பெரியம்மாவின் குரலை நான் திருப்பிக் கொடுக்க முடியாது, அந்தக் குற்ற உணர்வு போகவும் இல்லை. தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை என்று என் மகளைப் பற்றி எல்லோரிடமும் பெருமையடிப்பேன். ஆனால் மனதுக்குள், என் சொல்லைத் தட்டிவிட்டு அவள் பால்கனியில் கதை கேட்ட அந்த ஒரு கோடைக்காகத்தான் இன்றைக்கும் அவளுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.